‘அப்டேட்’ பொத்தானுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையதளங்கள் ஊடுருவப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் நாளிதழ்கள் கடைசிப் பத்தியில் ஓர் அறிவுரையைத் தவறாமல் சேர்க்கின்றன: தளத்தின் மென்பொருளை உடனுக்குடன் அப்டேட் செய்யுங்கள். அறிவுரையில் பிழையில்லை. 2014 அக்டோபர் 15 அன்று, இணையதளங்களை நடத்தப் பயன்படும் டுரூபல் என்ற மென்பொருளின் 7-ஆம் பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும் என்று டுரூபலின் பாதுகாப்புக் குழு இரண்டு வாரம் கழித்து எச்சரித்தது. 7 மணி நேரம் என்பது ஓர் இரவுத் தூக்கம்.

அப்படியிருந்தும் தள உரிமையாளர்கள் பலர் அந்தப் பொத்தானைத் தொடத் தயங்குகிறார்கள். சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. சென்ற முறை தொட்டபோது தளம் வெள்ளைத் திரையாக நின்றதை அவர்கள் மறக்கவில்லை. அந்த வெள்ளைத் திரைக்குப் பொறுப்பு, பெரும்பாலும், பொத்தானை அழுத்தியவரிடம் இல்லை; தளத்தோடு கூடுதலாகச் சேர்க்கும் நிரல்தொகுப்பான மாட்யூலை எழுதியவரிடம் இருக்கிறது. நிறுவலையும் புதுப்பித்தலையும் கையாளும் நிரலை அவர் கடைசி நாளில் அவசரமாக எழுதிச் சேர்க்கிறார். எனவே உரிமையாளர்களுக்குச் சொல்லும் அறிவுரையின் மறுபாதியை நிரலாளர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகவே இந்தக் கடிதம்.

ஒரு மாட்யூலின் புதிய பதிப்பு இரண்டு இடங்களில் குடியேற வேண்டும். ஒன்று, சர்வரில் உள்ள கோப்புகள். மற்றது, தரவுத்தளம். கோப்புகளைப் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்து மாற்றிவிடலாம். சில விநாடி வேலை. தரவுத்தளத்தை அப்படி மாற்ற முடியாது. அதில் தளத்தின் பல ஆண்டுப் பதிவுகள் கிடக்கின்றன. குடியிருக்கும் வீட்டிலேயே சுவரை இடித்துக் கட்டுவது போல, உள்ளே ஆள் இருக்கும்போதே அட்டவணையின் அமைப்பை மாற்றியாக வேண்டும். கோப்பு மாறிய நொடிக்கும் அட்டவணை மாறிய நொடிக்கும் இடையில் புதிய நிரல், இன்னும் உருவாகாத ஒரு புலத்தை, அதாவது அட்டவணையின் ஒரு நெடுவரிசையை, கேட்கும்; ‘அப்படியொரு புலம் இல்லை’ என்று தரவுத்தளம் மறுக்கும்; பக்கம் விழும். இதனால்தான் டுரூபலில் தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்துவிட்டு அப்டேட் நிரலை ஓட்டச் சொல்கிறார்கள். அதே வகை மென்பொருளான வேர்ட்பிரஸ், புதுப்பிக்கும்போது ‘டாட் மெயின்டனன்ஸ்’ என்ற சிறு கோப்பை எழுதி வருகையாளர்களை நிறுத்தி வைக்கிறது. அந்தக் கோப்புக்கு 10 நிமிட ஆயுள்தான். அதற்குப் பிறகு அது கிடந்தாலும் வேர்ட்பிரஸ் கண்டுகொள்ளாது. இதுவும் கோப்பு மாற்றத்துக்கான காவல்தான். பிளகின் (வேர்ட்பிரஸில் மாட்யூலுக்குள்ள பெயர்) தன் அட்டவணையை மாற்றி முடித்ததா என்று அது பார்ப்பதில்லை.

அடிப்படைக் குழப்பம் ஒன்றை முதலில் தெளிவாக்க வேண்டும். நிறுவலும் புதுப்பித்தலும் ஒரே வேலையின் இரண்டு அளவுகள் அல்ல. நிறுவலுக்குத் தொடக்கப்புள்ளி ஒன்றே ஒன்று: வெற்றிடம். புதுப்பித்தலுக்கோ, இதுவரை நீங்கள் வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பும் ஒரு தொடக்கப்புள்ளி. போன மாதப் பதிப்பிலிருந்தும் வருவார்கள். மூன்று ஆண்டுகளாகத் தொடாமல் கிடந்த தளத்திலிருந்தும் வருவார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும்.

டுரூபல் இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். மாட்யூலின் ‘டாட் இன்ஸ்டால்’ கோப்பில் ஹூக் ஸ்கீமா என்ற பகுதி (ஹூக் என்பது குறித்த தருணத்தில் மென்பொருள் தானே அழைக்கும் நிரல்பகுதி) அட்டவணைகளின் இன்றைய வடிவத்தைச் சொல்கிறது. புதிதாக நிறுவும்போது டுரூபல் அதைப் படித்து அட்டவணைகளை உருவாக்கும். பிறகு ஹூக் இன்ஸ்டால் ஓடும். அதே கோப்பில் எண்ணிட்ட அப்டேட் படிகளும் இருக்கும்: 8001, 8002, 10001 என்பது போல. புதிய நிறுவலில் இந்தப் படிகள் ஒன்றுகூட ஓடாது. இருப்பதில் பெரிய எண்ணை மட்டும் ‘இதுவரை முடிந்தது’ என்று குறித்துக்கொள்ளும். பழைய தளத்தில் நேர்மாறு: ஹூக் ஸ்கீமாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, படிகள் மட்டும் வரிசையாக ஓடும். எனவே ஒரு புலத்தைச் சேர்த்தால் அதை இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். ஸ்கீமாவில் மட்டும் சேர்த்தால் புதிய தளங்கள் ஓடும், பழையவை விழும். படியில் மட்டும் சேர்த்தால் பழையவை ஓடும், புதியவை விழும். முதல் வகைப் பிழையே அதிகம் வெளியே வருகிறது. காரணம் எளிது: நிரலாளர் தன் கணினியில் மாட்யூலை நீக்கி, மீண்டும் நிறுவித்தான் சோதிக்கிறார். பழைய தளம் என்ற ஒன்று அவர் மேசையில் இல்லவே இல்லை.

இதே பள்ளம், மாட்யூலின் விருப்பத்தேர்வுகளை வைக்கும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளிலும் உண்டு. கான்ஃபிக் கோப்புறையின் கீழ் உள்ள ‘இன்ஸ்டால்’ உட்கோப்புறையில் வைக்கும் யாம்ல் கோப்புகளை டுரூபல் மாட்யூலை நிறுவும் நேரத்தில் மட்டுமே படிக்கும். அடுத்த பதிப்பில் ஒரு புதிய அமைப்பை அங்கே போட்டுவிட்டு ‘சேர்த்தாயிற்று’ என்று இருந்துவிட்டால், ஏற்கெனவே ஓடும் தளங்களுக்கு அது போய்ச் சேராது. அதை எழுதி வைக்கும் வேலையையும் ஓர் அப்டேட் படிதான் செய்ய வேண்டும்.

அடுத்த பிழை கொஞ்சம் நுட்பமானது, அனுபவசாலிகளும் விழுகிறார்கள். நிரலாளர் 8003-ஆம் படியில் ஒரு புதிய அட்டவணையை உருவாக்க வேண்டும். அதன் வரையறை ஸ்கீமாவில் ஏற்கெனவே இருக்கிறதே, இரண்டு முறை எழுதுவானேன் என்று, படிக்குள்ளிருந்தே ஸ்கீமாவை அழைத்துவிடுகிறார். அன்றைக்கு ஓடும். ஆறு மாதம் கழித்து 8007-ஆம் படி அந்த அட்டவணையில் இன்னொரு புலம் சேர்க்கிறது. முறைப்படி ஸ்கீமாவிலும் சேர்க்கிறார். இப்போது 8002-இல் நின்றுவிட்ட ஒரு தளம் புதுப்பிக்க வருகிறது. 8003 ஓடும்போது அது அழைப்பது இன்றைய ஸ்கீமாவை; ஆகவே அட்டவணை புதிய புலத்தோடேயே பிறக்கிறது. 8007 வந்து அதே புலத்தைச் சேர்க்கப் பார்த்து, ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று முட்டி நிற்கிறது. தவறு 8007-இல் இல்லை, ஆனால் பிழைச்செய்தி அதைத்தான் காட்டும். படிக்குள் அட்டவணையின் வரையறையை அன்றைய வடிவத்திலேயே முழுமையாக எழுதி வைப்பதுதான் சரி. ஒரே வரையறையை இரண்டு முறை எழுதக் கூடாது என்று நிரலாளர்களுக்கு எங்கும் கற்பிக்கப்படுகிறது. அந்தப் பாடம் செல்லாத இடங்களில் இது ஒன்று. ஸ்கீமா இன்றைய நிலை. படி, அன்று நடந்ததன் பதிவேடு. பதிவேட்டைப் பின்னால் திருத்தக் கூடாது.

திருத்தக் கூடாது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வெளியிட்ட ஒரு படியில் பிழை தெரிந்தால், அதைத் திறந்து திருத்தினால், ஏற்கெனவே ஓட்டிவிட்ட தளங்களுக்கு அந்தத் திருத்தம் என்றைக்கும் போகாது. புதிய எண்ணில் புதிய படி எழுத வேண்டும். பழைய படி நடுவிலேயே நிற்க வைக்கும் அளவு மோசமானது என்றால் மட்டும் அதையும் தொடலாம். அப்போதும் புதிய படி தேவை, அது ‘ஏற்கெனவே சரியாக இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டு வேலை செய்ய வேண்டும்.

எண்ணிடுவதிலும் ஒரு சிக்கல். இருவர் தனித்தனிக் கிளைகளில் வேலை செய்கிறார்கள். ஒருவர் 9005 எழுதுகிறார், மற்றவர் 9006. 9006 முதலில் வெளியே போகிறது. பிறகு 9005 சேர்கிறது. டுரூபல் கடைசியாக முடிந்த எண்ணை மட்டுமே வைத்திருக்கிறது. எதெல்லாம் ஓடியது என்ற பட்டியல் அதனிடம் இல்லை. 9006 ஓடிய தளத்தில் 9005 சத்தமில்லாமல் விடுபடும். இருவரும் 9005 என்றே எழுதியிருந்தால் ஒரு விதத்தில் நல்லது: ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் (நிரல்பகுதி) என்று, இவை எழுதப்படும் நிரல்மொழியான பிஎச்பி உடனே நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணிட்ட படிகள் எல்லாம் முடிந்த பிறகு ஓடும் ‘போஸ்ட் அப்டேட்’ படிகள் இதில் மாறுபட்டவை. அவை பெயரால் குறிக்கப்படுகின்றன, எது முடிந்தது என்ற பட்டியலும் வைக்கப்படுகிறது. வேலைப் பிரிவினையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: அட்டவணையின் அமைப்பை மாற்றுவது எண்ணிட்ட படியில், கட்டுரைகளையும் பயனர்களையும் திறந்து சேமிப்பது போன்ற வேலை போஸ்ட் அப்டேட்டில். எண்ணிட்ட படி ஓடும் நேரத்தில் அமைப்பு பாதி மாறிய நிலையில் இருக்கும். அப்போது ஒரு கட்டுரையைச் சேமித்தால் மற்ற மாட்யூல்களும் விழித்துக்கொண்டு, தங்களுக்கு இன்னும் உருவாகாத புலங்களைத் தேடும்.

வேர்ட்பிரஸ் உலகில் பிளகின்களுக்கு இந்த எண்ணிட்ட ஏற்பாடே கிடையாது. எழுதுபவர் தானே கட்டிக்கொள்ள வேண்டும். பலர் எல்லாவற்றையும், பிளகினை ஆன் செய்யும்போது ஓடும் ஆக்டிவேஷன் ஹூக்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பிளகினைப் புதுப்பிக்கும்போது அந்த ஹூக் ஓடாது, வேர்ட்பிரஸ் 3.1 முதலே அப்படித்தான். ‘ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும்’ என்று உதவிக் குறிப்புகளில் காணப்படும் வைத்தியத்தின் ரகசியம் இதுதான்.

புதுப்பிப்பு முடிந்ததும் ஓடும் ‘அப்கிரேடர் பிராசஸ் கம்ப்ளீட்’ ஹூக்கைப் பிடித்துக்கொள்வோரும் உண்டு. அதுவும் பொறி. அந்த நொடியில் கோப்பு புதியது. ஆனால் நினைவகத்தில் ஏற்றப்பட்டு ஓடிக்கொண்டிருப்பது பழைய நிரல். புதிய பதிப்பில் எழுதிய மாற்றம் அந்தச் சுற்றில் இருக்காது. சரியான வழி பழையது, எளியது: தரவுத்தள அமைப்புக்கென்று ஒரு தனி எண்ணை வேர்ட்பிரஸின் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் வையுங்கள். பிளகின்கள் ஏற்றப்பட்டதும் வரும் ‘பிளகின்ஸ் லோடட்’ கட்டத்தில் நிரலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் இடைப்பட்ட படிகளை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் எண்ணை எழுதுங்கள். கடைசியில் மொத்தமாக எழுதினால், நடுவில் நின்றபோது முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். எண் முழு எண்ணாக இருக்கட்டும். ‘1.10’, ‘1.9’ என்று பதிப்புப் பெயர்களை எழுத்துகளாக ஒப்பிட்டால் 1.10 தான் சிறியது என்று விடை வரும். பத்தாவது வெளியீட்டில் அப்டேட் நின்றுபோகும். பதிப்புப் பெயரையே வைத்தாக வேண்டும் என்றால் பிஎச்பியின் ‘வெர்ஷன் கம்பேர்’ இருக்கிறது.

இப்படி முதல் வருகையிலேயே படிகள் ஓடும்படி வைத்தால், ஒரே நொடியில் இருவர் தளத்துக்குள் வந்தால் படி இரண்டு முறை ஓடும். பூட்டு வேண்டும். ‘பூட்டு இருக்கிறதா என்று படி, இல்லையென்றால் எழுது’ என்று இரண்டு அடியாகச் செய்தால், இருவரும் படித்துவிட்டு இருவரும் எழுதுவார்கள். ‘இன்சர்ட் இக்னோர்’ என்ற தரவுத்தளக் கட்டளை மூலம், பூட்டுக்கான வரிசையை (அட்டவணையின் ஒரு பதிவை) ஒரே அடியில் சேர்த்துப் பாருங்கள்; சேர்ந்தவர் வேலை செய்யட்டும், மற்றவர் விலகட்டும். பூட்டில் நேரத்தையும் எழுதி வையுங்கள். நடுவில் விழுந்த ஒரு முயற்சி பூட்டைப் போட்டபடியே போய்விட்டால் பிறகு யாருக்கும் கதவு திறக்காது.

வேர்ட்பிரஸின் டிபிடெல்டா ஃபங்ஷன் அட்டவணையைத் தானே ஒப்பிட்டுப் புலங்களைச் சேர்க்கும். ஆனால் அது சொல்லைச் சொல்லாகப் பார்க்கும் கறார் பேர்வழி. ஒவ்வொரு புலமும் தனி வரியில் இருக்க வேண்டும். ‘பிரைமரி கீ’ என்ற சொல்லுக்கும் அடுத்த அடைப்புக்குறிக்கும் நடுவில் இரண்டு இடைவெளி விட வேண்டும்; ஒன்று போதாது. விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸைச் சேர்க்கும்போது ‘இன்டெக்ஸ்’ என்று எழுதாமல் ‘கீ’ என்றே எழுத வேண்டும். வரையறையிலிருந்து ஒரு புலத்தை எடுத்துவிட்டால் அட்டவணையிலிருந்து அது நீங்காது. நீக்கும் வேலையை டிபிடெல்டா செய்வதே இல்லை. ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் ஓடும் மல்டிசைட்டில், வலையமைப்பு முழுவதற்கும் ஆக்டிவேட் செய்தாலும் ஹூக் ஒருமுறைதான் ஓடும். மற்றத் தளங்களுக்கு நீங்களே சுற்றி வர வேண்டும். பின்னால் புதிதாகச் சேரும் தளத்துக்கு 5.1-இல் வந்த ‘இனிஷியலைஸ் சைட்’ ஹூக்.

இவ்வகையில் மூன்றாவது மென்பொருளான ஜூம்லா இந்த விஷயத்தில் ஒழுங்காக இருக்கிறது. மாட்யூலின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் குறிப்பிட்ட கோப்புறையில் ஒவ்வொரு பதிப்பின் பெயரிலும், தரவுத்தளக் கட்டளைகள் கொண்ட ஒரு எஸ்க்யூஎல் கோப்பு. கடைசியாக ஓடிய பதிப்பு ஸ்கீமாஸ் அட்டவணையில். முதல் நிறுவலில் இந்தக் கோப்புகள் ஓடாது, கடைசிப் பெயர் மட்டும் பதிவாகும், டுரூபலின் கதைதான். முதல் பதிப்பிலேயே, மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், ஒரு குறிப்பு வரி மட்டும் கொண்ட கோப்பை வைத்துவிடுவது நல்லது. ஒப்பிடத் தொடக்க எண் ஒன்று இருக்கும். பிஎச்பி வேலைகளுக்கு ப்ரீஃபிளைட் (வேலைக்கு முன்), இன்ஸ்டால், அப்டேட், போஸ்ட்ஃபிளைட் (வேலை முடிந்த பின்) என்று தனித்தனி வாசல்கள் உண்டு. நிபந்தனைகள் பொருந்தவில்லையென்றால் ப்ரீஃபிளைட்டிலேயே நிறுத்துங்கள். போஸ்ட்ஃபிளைட்டில் வந்து ‘இந்த பிஎச்பி பதிப்பு போதாது’ என்று சொல்வது, சாப்பிட்டு முடித்தவரிடம் சமையலில் உப்பில்லை என்று சொல்வது போல.

மூன்றுக்கும் பொதுவான பெரிய சிக்கலுக்கு வருகிறேன். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகளை, ‘முழுதாக முடி, இல்லையேல் முழுதாக ரத்து செய்’ என்று ஒன்றாகக் கட்டும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்துத் திரும்பப் பெற முடியாது. ‘ஆல்டர் டேபிள்’ ஓடிய உடனே அதுவரை நடந்தது எல்லாம் உறுதியாகிவிடும். இன்னொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் இதை அனுமதிக்கிறது. அதில் சோதித்துப் பழகியவர்கள் மைஎஸ்க்யூஎல்லிலும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் வந்த அட்டாமிக் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது என்ற) வசதியும் ஒற்றைக் கட்டளைக்குத்தான். ஐந்து கட்டளைகளைச் சேர்த்துக் கட்டாது. ஆக, ஐந்து மாற்றம் உள்ள படி மூன்றாவதில் விழுந்தால் முதல் இரண்டும் நிலைத்துவிடும். எண் மட்டும் ஏறியிருக்காது. உரிமையாளர் மறுபடி பொத்தானை அழுத்துவார். முதல் மாற்றமே ‘புலம் ஏற்கெனவே இருக்கிறது’ என்று விழும். இனி எத்தனை முறை அழுத்தினாலும் அதே சுவர். ஏன் முதலில் விழுந்தது என்ற உண்மையான பிழைச்செய்தியும் இதற்குள் மறைந்துபோயிருக்கும்.

மருந்து இரண்டு. ஒரு படியில் ஒரு மாற்றம் மட்டும் வையுங்கள், எண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் இருக்கிறதா இல்லையா என்று கேளுங்கள்: புலம், அட்டவணை, இன்டெக்ஸ் மூன்றுக்கும் டுரூபலில் தனித்தனி ஃபங்ஷன் உண்டு. எந்தப் படியையும் எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி ஓட்டினாலும் அதே முடிவுக்கு வந்து சேர வேண்டும்.

அந்த மூன்றாவது கட்டளை ஏன் விழுகிறது? பல காரணம். அடிக்கடி வருவது இன்டெக்ஸின் நீளம். பழைய மைஎஸ்க்யூஎல் அமைப்புகளில் ஓர் இன்டெக்ஸ் 767 பைட்டைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்8 என்ற அதன் பழைய எழுத்துக் குறியீட்டு முறையில் ஓர் எழுத்துக்கு 3 பைட், 255 எழுத்துப் புலம் 765 பைட், மயிரிழையில் தப்பும். இமோஜியையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாறினால் 4 பைட், மொத்தம் 1020, விழும். 2015-இல் வேர்ட்பிரஸ் 4.2 இந்த மாற்றத்தைச் செய்தபோதுதான் 191 என்ற விசித்திர எண் நிரல்களுக்குள் வந்தது: 191 பெருக்கல் 4, 764. தமிழ் எழுத்துக் குறிகள் 3 பைட்டுக்குள் அடங்குபவை. நம் மொழியில் மட்டும் சோதித்தால் இந்த மாற்றம் தேவைப்படுவதே தெரியாது. யாரோ ஒருவர் பின்னூட்டத்தில் சிரிக்கும் முகத்தைப் போடும்போதுதான் தெரியும்.

இன்னொன்று, காலியாக இருக்கக் கூடாது என்று வரையறுத்த புதிய புலத்தை இயல்பு மதிப்பு தராமல் சேர்ப்பது. ஏற்கெனவே வரிசைகள் உள்ள அட்டவணையில் போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் இதை ஏற்காது. மைஎஸ்க்யூஎல் பூஜ்யத்தையோ வெற்றெழுத்தையோ தானே நிரப்பிக்கொண்டு போய்விடும், தவறு பின்னால் வேறு எங்கோ வெளிப்படும். டுரூபலில் புலம் சேர்க்கும்போது ‘இனிஷியல்’ என்று பழைய வரிசைகளுக்கான மதிப்பைத் தனியே சொல்ல வழி இருக்கிறது. காலி அட்டவணையில் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

அட்டவணை பெரிதாக இருந்தால் இடமும் நேரமும் சேர்ந்துகொள்ளும். சில மாற்றங்களுக்குத் தரவுத்தளம் அட்டவணை முழுவதையும் நகலெடுக்கும். ஏறக்குறைய அதே அளவு காலி இடம் வட்டில் வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0.12 முதல் கடைசியில் ஒரு புலம் சேர்ப்பது நகலெடுக்காமல் உடனே முடியும். ஆனால் உங்கள் மாட்யூல் எந்தத் தரவுத்தளப் பதிப்பில் ஓடப்போகிறது என்பது உங்கள் கையில் இல்லை.

தரவை மாற்றுவதற்கு வேறு கவனம் வேண்டும். உலாவி வழியாக ஓடும் பிஎச்பிக்கு வழக்கமான நேர வரம்பு 30 விநாடி; கட்டளை வரியில் வரம்பில்லை. நிரலாளர் கட்டளை வரியில் சோதிப்பார், உரிமையாளர் உலாவியில் ஓட்டுவார். அங்கே பிளவு விழும். 40,000 வரிசைகளை ஒரே மூச்சில் மாற்றாமல் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து ஓட்ட டுரூபலில் ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற ஏற்பாடு உண்டு. எவ்வளவு முடிந்தது என்று பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு பின்னம் தர வேண்டும், ஒன்றானதும் நிற்கும். இங்கே மூன்று வகையில் தவறுகிறார்கள். மொத்த எண்ணிக்கை பூஜ்யமாக உள்ள தளத்தில் வகுத்தல் பிழை. பிஎச்பி 8-இல் அது நிரலையே நிறுத்திவிடும். தொடக்கத்தில் எண்ணிய வரிசைகளில் சில நடுவில் நீக்கப்பட்டால் பின்னம் ஒன்றை எட்டாது, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவது கண்ணுக்கே தெரியாது: ‘புதிய புலம் காலியாக உள்ள வரிசைகளில் முதல் 50’ என்று எடுத்து மாற்றுவார்கள், அடுத்த சுற்றில் ‘50ஐத் தள்ளி அடுத்த 50’ என்று கேட்பார்கள். மாற்றிய 50 ஏற்கெனவே அந்தத் தேடலிலிருந்து விலகிவிட்டதால், தள்ளப்படுவது இன்னும் மாற்றாத 50. கடைசியில் ஏறக்குறைய பாதித் தரவு மாறாமல் கிடக்கும். பிழைச்செய்தி ஏதும் வராது. தள்ளி எண்ணுவதை விட்டுவிட்டு, கடைசியாகத் தொட்ட வரிசையின் அடையாள எண்ணை நினைவில் வைத்து ‘அதைவிடப் பெரிய எண்ணுள்ள 50’ என்று கேட்டால் மூன்று தொல்லையும் இல்லை. வரிசை ஏதும் கிடைக்காதபோது முடிந்தது என்று பொருள்.

திரும்பிப் போகும் வழி பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மூன்று மென்பொருள்களிலும் படிகள் முன்னோக்கி மட்டுமே. வேர்ட்பிரஸ் 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளகின்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியைத் தருகிறது; 2024-இல் வந்த 6.6-இல், தானியங்கிப் புதுப்பிப்புக்குப் பின் தளம் விழுந்தால் பழைய பிளகினைத் திரும்ப வைக்கிறது. திரும்புவது கோப்பு மட்டும். தரவுத்தளம் மாறியது மாறியதுதான். பழைய நிரல் புதிய அட்டவணையின் முன் நிற்கும். ஆகவே ஒரு வெளியீடு செய்யும் மாற்றத்தை, அதற்கு முந்தைய வெளியீட்டின் நிரலும் தாங்கிக்கொள்ள வேண்டும். புலத்தின் பெயரை மாற்ற வேண்டுமா? இந்த வெளியீட்டில் புதிய புலத்தைச் சேர்த்துத் தரவை நகலெடுங்கள், பழையதை அப்படியே விடுங்கள். நீக்குவது அடுத்த வெளியீட்டில், அல்லது அதற்கும் அடுத்ததில். பாதுகாப்புத் திருத்தத்தோடு அமைப்பு மாற்றத்தைச் சேர்த்துக் கட்டாதீர்கள். 2014-இன் அந்த டுரூபல் திருத்தம் ஒரே ஒரு வரி. தரவுத்தள அமைப்பைத் தொடவே இல்லை. அப்படி இருந்தால்தான் நள்ளிரவில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்த முடியும்.

குழுவாக டுரூபல் தளம் நடத்துவோர் வரிசை தவறுவதும் உண்டு. முதலில் அப்டேட் படிகள், பிறகுதான் கான்ஃபிக் இறக்குமதி. டிரஷ் என்ற கட்டளை வரிக் கருவியின் ‘டிரஷ் டிப்ளாய்’ கட்டளை அந்த வரிசையிலேயே செய்கிறது. படிகள் ஒரு கான்ஃபிக்கை மாற்றினால் சோதனைத் தளத்தில் அதை ஏற்றுமதி செய்து நிரலோடு சேர்க்க வேண்டும். மறந்தால், அடுத்த இறக்குமதி பழைய கான்ஃபிக்கைக் கொண்டுவந்து படியின் வேலையை அழித்துவிடும். பிஎச்பி நிரலை நினைவகத்தில் தேக்கி வைக்கும் ஓபிகேச்சில் நேர முத்திரை பார்ப்பதை அணைத்து வைத்திருக்கும் சர்வர்களில் கோப்பு மாறியும் பழைய நிரலே ஓடும். பிஎச்பியை மறுதொடக்கம் செய்த பிறகே படிகளைத் தொட வேண்டும்.

சோதனைக்கு ஒரு வழி. அரை மணி நேர வேலை. ஒரு தளத்தில் புதிய பதிப்பை நேரடியாக நிறுவுங்கள். இன்னொன்றில் நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பை நிறுவி, கொஞ்சம் தரவு போட்டு, புதியதற்குப் புதுப்பியுங்கள். இரண்டிலிருந்தும் ‘நோ டேட்டா’ விருப்பத்தோடு மைஎஸ்க்யூஎல்டம்ப் (தரவில்லாமல் அட்டவணை அமைப்பு மட்டும் உள்ள கோப்பு) எடுத்து இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். புலங்களின் வரிசையும் ஆட்டோ இன்கிரிமென்ட் எண்ணும் வேறுபடலாம். வேறு எது வேறுபட்டாலும் பிழை. பிறகு புதுப்பிப்பை நடுவில் கொன்றுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். மிகப் பழைய படிகளைக் காலமெல்லாம் சுமக்கத் தேவையில்லை. ‘லாஸ்ட் ரிமூவ்ட்’ ஹூக்கில் நீக்கிய கடைசி எண்ணைச் சொல்லிவிட்டால், அதற்கும் பின்தங்கிய தளத்தை டுரூபல் உள்ளே விடாது. நடுவில் ஒரு பதிப்பில் நிறுத்தி வரச் சொல்லும்.

தள உரிமையாளர்கள் செய்ய வேண்டியது குறைவு. கோப்பும் தரவுத்தளமும் ஒரே நேரத்தில் எடுத்த பேக்கப். அதை வேறிடத்தில் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும், இல்லையேல் அது பேக்கப் என்ற பெயருள்ள ஒரு கோப்பு, அவ்வளவுதான். மாட்யூல் வாங்கும்போது ஒரே கேள்வி போதும்: ‘இரண்டு ஆண்டுக்கு முந்தைய பதிப்பிலிருந்து நேராக இதற்கு வரலாமா?’ பதிலில் தயக்கம் இருந்தால் வேறு மாட்யூலைப் பாருங்கள்.

நீக்குதலைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. வேர்ட்பிரஸில் பிளகினை டீஆக்டிவேட் செய்வது தற்காலிகம்; கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். அந்த ஹூக்கில் அட்டவணையை அழிப்பது மன்னிக்க முடியாதது. அழிக்கும் வேலை ‘அன்இன்ஸ்டால்’ கோப்பில் இருக்கட்டும். அதன் முதல் வரியில், வேர்ட்பிரஸ்தான் அழைத்திருக்கிறதா என்று உறுதிசெய்யும் கான்ஸ்டன்டைப் பாருங்கள், நேரடியாக முகவரி அடித்து வருபவரை வெளியேற்றுங்கள். டுரூபலில் 8-ஆம் பதிப்பு முதல் இடைநிலையே கிடையாது: மாட்யூல் ஒன்று நிறுவப்பட்டிருக்கும், இல்லையேல் நீக்கப்பட்டிருக்கும். ஸ்கீமாவில் சொன்ன அட்டவணைகளை அது தானே அழிக்கும். டுரூபலின் ‘ஸ்டேட்’ என்ற சேமிப்பிடத்தில் எழுதி வைத்த மதிப்புகளை மாட்யூல்தான் துடைக்க வேண்டும். துடைக்காமல் போனால், ஓராண்டு கழித்து அதே மாட்யூலை மீண்டும் நிறுவுபவர் பழைய மதிப்புகளோடு தொடங்குவார். புதிய நிறுவல் ஏன் பழையது போல நடந்துகொள்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்